காற்றும் கணவாயும் எங்கள் கட்சி

நடுவர் அவர்களே, வேலூர்ப் பெருமக்களே, வணக்கம். பழைய நாகரிகங்களை அக்கம்பக்கத்து நாடுகளோடு இணைத்தது நில அமைப்பா, மனிதத் துணிச்சலா? நில அமைப்பே என்று பேச வந்திருக்கிறேன். “மலையும் கடலும் தடுத்தன, மனிதன் மீறினான்” என்று எதிரணித் தலைவர் மேசையைத் தட்டினார். தட்டட்டும். எந்த இடம் பார்த்து மீறினான் என்பதையும் சொல்லியிருக்கலாம்.

இன்றைய ஈராக்கான மெசபடோமியாவில் இரண்டு ஆறுகள் கொட்டிய வண்டலில் பார்லி கொழித்தது. ஆனால் செம்பு கிடையாது, நல்ல கல் கிடையாது, உத்தரத்துக்கு மரம்கூடக் கிடையாது. அந்த இல்லாமைதான் அவர்களை வெளியே துரத்தியது. மரத்துக்கு லெபனான், செம்புக்கு ஓமான். வாசலிலேயே பாரசீக வளைகுடா. மெலுஹா நாட்டுக் கப்பல்கள் தன் துறையில் நிற்பதாக மெசபடோமியாவை ஆண்ட அக்காட் மன்னன் சார்கோன் பெருமையடித்தான். மெலுஹா நம் சிந்துவெளிதான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. மெசபடோமியாவின் ஊர் என்ற நகரத்தின் அரச கல்லறைகளில் சிந்துவெளிச் சூதுபவள மணிகள் கிடைத்திருக்கின்றன.

நைல் இன்னும் வேடிக்கை. ஆறு வடக்கே ஓடுகிறது, காற்று பெரும்பாலும் தெற்கே வீசுகிறது. வடக்கே போக நீரோட்டம், தெற்கே திரும்பப் பாய்மரம்! தெற்கே இருந்த நூபியாவின் தங்கம் எகிப்துக்கு வந்த வழி அது. நடுவில் பாறைகள் மறித்த இடத்தில் படகைக் கரையேற்றி இழுத்தார்கள். சரி, அந்த இழுவையை மட்டும் எதிரணிக்கு விட்டுத்தருகிறேன்.

நம் பக்கம் வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு திறப்பு. அதற்குக் கிழக்கே கோவை வட்டாரத்தில்தான் ரோமானியக் காசுகள் குவியலாகக் கிடைத்தன. துணிச்சல்தான் காரணம் என்றால் வணிகர்கள் ஆனைமுடிச் சிகரத்தின் மேல் ஏறியிருக்கலாமே?

அவ்வளவு ஏன், 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் விட்டார்களே, பிறகு அதை மேற்கே நீட்டியவர்களும் ஜவ்வாது மலை ஏறவில்லை, பாலாற்றுச் சமவெளியைத்தான் பிடித்தார்கள். “பாலாற்றில் தண்ணீர் எங்கே?” என்று பின்வரிசையில் கேட்கிறார்கள். தண்ணீர் போனாலும் பள்ளத்தாக்கு போகவில்லை ஐயா, பெங்களூர் பஸ் இன்றும் அதில்தான் ஓடுகிறது.

அடுத்து வரும் நண்பர் ஹிப்பாலஸ் என்ற கிரேக்க மாலுமியைத் துணைக்கு அழைப்பார். தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்து நடுக்கடலில் நேராக இந்தியா வர வழி கண்டவர் என்பார்கள். நல்லது. ஆனால் அப்படி வந்த கப்பல்கள் திரும்பிப் போக வடகிழக்குக் காற்று வரும்வரை இங்கேயே காத்துக் கிடந்தன. அவ்வளவு துணிச்சல் இருந்தும் ஏன் கிடந்தன என்று முதலில் அவரைச் சொல்லச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே!