செம்பிக்கு வால் வார் வந்தாச்சு!

மக்களே, வணக்கம். தோவாளைக்கு மேலே மலையடிவாரத்தில் நிற்கிறேன், பின்னால் கேட்கிற இரைச்சல் முழுக்க ஆரல்வாய்மொழிக் காற்று, மைக்கில் பஞ்சு சுற்றியும் இவ்வளவுதான் அடங்குகிறது. வீட்டுக்குப் போய் நிதானமாகப் பேசலாம் என்றால் முடியவில்லை, இப்பவே சொல்லியாக வேண்டும். நான் முதுகில் உட்கார்ந்தபடியே என் கோவேறு கழுதை செம்பி அந்தச் சரிவு முழுக்க இறங்கிவிட்டாள், சேணம் ஒரு விரல்கடைகூட முன்னால் நகரவில்லை!

பழைய வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். ஏற்றத்தில் ஒரு தொல்லையும் கிடையாது, இறக்கம் வந்தால் போதும், சேணம் கழுத்துக்கு ஓடிவிடும். குதிரைக்குத் தோள்பட்டைக்கு மேலே ஒரு திமில் மேடு எழும்பியிருக்கும், சேணம் அதில் தட்டி நிற்கும். கோவேறு கழுதைக்கு அந்த மேடு தணிந்தது, முதுகும் நேராகப் போகும். வயிற்று வாரை இன்னும் இறுக்கு, இன்னும் இறுக்கு என்று எழுதியவர்களே, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், தோல் உரிந்து புண் வைக்கும். இதற்கு வால் வார்தான் வழி. சேணத்தின் பின்னாலிருந்து வந்து வாலின் அடியைச் சுற்றிப் பிடிக்கிற வார்.

முதலில் ஒன்றை ஆன்லைனில் 2,800 ரூபாய்க்கு வாங்கினேன். பெட்டியைப் பிரித்தால் ரெக்சின்! தோல் என்று போட்டு ரெக்சினை அனுப்புகிறார்கள், தையல் ஓரத்தில் கையை வைத்தாலே கிழிக்கிறது. வாலுக்கு அடியில் ரோமமே இல்லாத இடம் அது, அங்கே போய் இதை மாட்டுவதா? அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டு நாகர்கோவில் வடசேரியில் செண்டை மேளத்துக்கு வார் போட்டுக்கொடுக்கிற அண்ணனிடம் போனேன். பேப்பரில் படம் வரைந்து காட்டினேன். ஒரு தடவை பார்த்தார், "உள்ளே என்ன அடைக்கணும்?" என்று கேட்டார் பாருங்கள், அங்கேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. உள்ளே ஆளி விதை அடைக்க வேண்டும். விதையில் உள்ள எண்ணெய் மெல்ல மெல்லத் தோலில் ஊறி, வார் காய்ந்து விறைக்காமல் இருக்கும். நாட்டு மருந்துக் கடையில் போய் ஆளி விதை வாங்கி வந்தேன், தையல் வெளிப்பக்கம் வருகிற மாதிரி உருட்டித் தைத்துத் தந்தார். கூலி, தோல் எல்லாம் சேர்த்து 650 ரூபாய். அறுநூற்று ஐம்பது! கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன், பாருங்கள், எங்கேயாவது ஒரு முடிச்சு உறுத்துகிறதா?

வாங்கியதும் நேரே மாட்டவில்லை. முதலில் பஞ்சுக் கயிற்றை வாலுக்கு அடியில் வைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பழக்கினேன். வாலை இறுக்கி அமுக்கினால் கயிறு அங்கேயே இருக்கும், தளர்த்தினால் உடனே எடுத்துவிடுவேன். நிற்கிற இடம் முக்கியம், நேர் பின்னால் ஒருபோதும் நிற்கக் கூடாது, தொடையை ஒட்டிப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். அப்புறம் வாரை மாட்டி நடத்தி மட்டும் கூட்டிப் போனேன், அவள் அதை மறந்து புல் மேய ஆரம்பித்த பிறகுதான் ஏறினேன்.

கீழே இறங்கியதும் சானல், அதாவது பாசனக் கால்வாய், வந்தது. மேலே சிமெண்ட் பலகை போட்டிருக்கிறது, அடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம். நின்றுவிட்டாள். பின்னால் பைக்கில் வந்த ஒருவர் "கழுதைப் பிடிவாதம், ரெண்டு போடுங்க" என்றார். எனக்குக் கெட்ட கோபம் வந்துவிட்டது. பயந்தால் குதிரை ஓடும், இது நின்று யோசிக்கும். மலைப்பாதையில் எனக்கு வேண்டியதே அந்தக் குணம்தான். தலையைத் தாழ்த்தி மோந்து பார்க்க விட்டேன். கயிற்றில் லேசான பிடி, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஒரு கால் முன்னால் வந்ததும் பிடியைத் தளர்த்திவிட்டேன், அவளுக்கு அதுதான் பரிசு. பின்வாங்கும்போது தளர்த்தினால் பின்வாங்கத்தான் கற்றுக்கொள்வாள், ஒரு தடவை கற்றதை மறக்கவும் மாட்டாள். கொஞ்ச நேரத்தில் தானாகவே நடந்து தாண்டினாள்.

என்ன விலை என்று எல்லாரும் கேட்கிறீர்கள். தரகர் 75,000 சொன்னார், வயது ஆறு என்றார். வாயைத் திறந்து பார்த்தேன், மேல்வரிசை முன்பற்களில் கடைசிப் பல்லில் ஈறை ஒட்டி ஒரு பள்ளக் கோடு ஆரம்பித்திருந்தது. அது சுமாராகப் பத்து வயதில் வருவது. அதைக் காட்டிப் பேசி 58,000-க்கு முடித்தேன். பத்து வயது எனக்கு இரட்டை சந்தோஷம்! முப்பது வயதுக்கு மேலும் வாழ்கிற பிராணி இது, சுமை தூக்கி உலகம் பார்த்தது, சவாரிக்கு இதைவிட என்ன வேண்டும்? மூன்று வயதுக் குட்டியை வாங்கச் சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போகவே மாட்டேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு, பணம் கொடுப்பதற்கு முன்னால் குதிரை, கழுதைகளுக்கு வருகிற கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய் இல்லை என்ற ரத்தப் பரிசோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். மனிதருக்கும் தொற்றும், தடுப்பூசி கிடையாது. அது இல்லாமல் லாரியில் ஏற்றவே ஏற்றாதீர்கள். குட்டி போடுமா என்று கேட்டவருக்கு: அப்பா கழுதை, அம்மா குதிரை, குரோமோசோம் 63, ஒற்றைப்படை என்பதால் சரியாக ஜோடி சேராது, அதனால் குட்டியை எதிர்பார்க்க முடியாது.

எவ்வளவு எடை ஏற்றலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். சேணத்தோடு சேர்த்து அதன் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, அதற்கு மேல் ஏற்ற வேண்டாம்.

நம்ம ஊர்க்காரர்கள் இதையும் கவனியுங்கள். தோவாளை பக்கம் அரளித் தோட்டம் நிறைய, ஒரு சின்னக் கொத்து இலையே உயிரை எடுத்துவிடும், வெட்டிப் போட்டுக் காய்ந்தாலும் விஷம் போகாது. பச்சை மரச்சீனி (மரவள்ளி) இலையும் ஆகாது. அதனால் வரப்பில் போகும்போது நான் தலைக்கயிற்றைக் குட்டையாகத்தான் பிடிப்பேன்.

இப்போதைக்கு ஒரே தேவை, குளம்பு சீவ ஆள். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒரு தடவை சீவ வேண்டும். இங்கே மாட்டுக்கு லாடம் அடிக்கிறவர்கள்தான் இருக்கிறார்கள், கோவேறு கழுதையின் குளம்பு குறுகலாக, செங்குத்தாக இருக்கும், அதைக் குதிரைக் குளம்பு மாதிரி அகலமாகச் சீவிவிடக் கூடாது. நாகர்கோவில், திருநெல்வேலி பக்கம் விஷயம் தெரிந்தவர் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள், வண்டிச் செலவு, சாப்பாடு என் பொறுப்பு.