அணு நீர்மூழ்கிக் கப்பலைக் காயலாங்கடையில் போட முடியுமா?

வணக்கம் மக்களே! கூகுள் மேப்பில் அமெரிக்காவின் ஹான்ஃபோர்டைத் தேடிப் பாருங்கள். வறண்ட வெட்டவெளி, அதில் மண்ணால் மூடாத ஒரு நீளப் பள்ளம், உள்ளே வரிசையாகப் பெரிய இரும்பு உருளைகள். பெரும்பாலும் ஓய்வுபெற்ற நீர்மூழ்கிகளின் அணு உலை அறைகள். நூறுக்கும் மேல் இருக்கின்றன!

பின்னணி சுருக்கமாக: முதல் அணு நீர்மூழ்கி நாட்டிலஸ் 1954-இல் கடலில் இறங்கி 1980-இல் ஓய்வுபெற்றது. இப்போதைய வர்ஜீனியா ரகம் எரிபொருளை மாற்றாமலே சுமார் 33 வருடம் ஓடும்.

ஓய்வுபெற்றதும் அணு எரிபொருளை எடுத்து ரயிலில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். சரி, மிச்சம் வெறும் இரும்புதானே, உருக்கிவிடலாமே?

இங்கேதான் சேலத்துக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். நம் உருக்காலையில் உருட்டும் 304 ரக எவர்சில்வர் தகட்டில் சுமார் 8 சதவீதம் நிக்கல். அணு உலையின் உலோகத்திலும் நிக்கல் உண்டு, துளியளவு கோபால்ட்டும் உண்டு. வருடக்கணக்கில் நியூட்ரான் தாக்கும்போது இரண்டுமே கதிரியக்கப் பொருளாகிவிடுகின்றன. அப்படி உருவாகும் கோபால்ட்-60 பாதியாகக் குறைய ஐந்தேகால் வருடம் போதும். நிக்கல்-63க்கு சுமார் நூறு வருடம்! 2010-இல் டெல்லி மாயாபுரியில் ஆய்வகக் கருவி ஒன்றிலிருந்த கோபால்ட்-60 பழைய இரும்புக் கடைக்குப் போய், ஒருவர் உயிரே போனது.

அதனால் உலை இருக்கும் பகுதியை மட்டும், கரும்பில் நடுத்துண்டை நறுக்குவதுபோல் முழுசாக வெட்டி, இரண்டு பக்கமும் எஃகால் அடைக்கிறார்கள். ஆயிரம் டன்னுக்கு மேல் எடை! பிரெமர்ட்டன் கடற்படைத் தளத்திலிருந்து மிதவையில் ஏற்றி, பசிபிக் கரையோரமாக வந்து, கொலம்பியா ஆற்றில் எதிர்த்துப் போய், ராட்சத டிரெய்லரில் அந்தப் பள்ளத்துக்குக் கொண்டுபோகிறார்கள். உள்ளே கவசமாக ஏராளமான ஈயமும் இருக்கிறது. கதிரியக்கமாவது காலத்தோடு குறையும், ஈயத்தின் நச்சு குறையவே குறையாது. முன்பாதி, பின்பாதி இரும்பெல்லாம் உருக்கத்தான் போகிறது.

பிரிட்டனின் ட்ரெட்நாட் நீர்மூழ்கி 1980-இல் ஓய்வுபெற்றும் பல பத்தாண்டுகள் ஸ்காட்லாந்தின் ரோசைத் துறையில் சும்மா நின்றது. ரஷ்யாவின் கே-159, உடைப்பதற்கு இழுத்துப்போகும் வழியிலேயே 2003-இல் மூழ்கியது. ஒன்பது பேர் இறந்தார்கள், எரிபொருளும் உள்ளேயே போனது.

நம்மிடம் அரிஹந்த் 2016-இலும், அரிகாத் 2024-இலும் கடற்படையில் சேர்ந்தன. இவற்றை எங்கே உடைப்பது, உலை அறையை எங்கே வைப்பது என்று இப்போதே முடிவுசெய்து நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. உருக்காலையில் பழைய இரும்பு வந்து இறங்குவதைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால், கதிரியக்கச் சோதனை எப்படி நடக்கும் என்று கமெண்டில் எழுதுங்கள். அடுத்த வீடியோ அதைப் பற்றித்தான்.