ரத்தத்தில் கோடிக்கணக்கில் வைரஸ், உடம்புக்கோ தெரியவே இல்லை! ஹெபடைடிஸ் பி தப்பிப்பது எப்படி?

[திரையில்: ரத்தப் பரிசோதனைச் சீட்டு]

வணக்கம். இந்தச் சீட்டில் ‘ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. – பாசிட்டிவ்’ என்று இருக்கிறது. அதாவது, ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்தில் இருக்கிறது. இதற்கு உரியவருக்குக் காய்ச்சலும் இல்லை, காமாலையும் இல்லை. தினமும் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி வேலைக்குப் போய் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் கோடிக்கணக்கான ஹெபடைடிஸ் பி வைரஸ்கள் இருக்கக்கூடும். நோய் எதிர்ப்பு மண்டலம் ஏன் சும்மா இருக்கிறது?

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரத்தம், உடலுறவு, பிரசவம் ஆகிய வழிகளில் பரவி, கல்லீரலைத் தாக்கும் இந்த வைரஸின் மேலுறைப் புரதத்தை 1965இல் அறிவித்த அமெரிக்க விஞ்ஞானி பரூக் பிளம்பெர்க், 1976இல் நோபல் பரிசு பெற்றார்.

இனி, என்னைப் பெரிதும் வியக்க வைத்த பகுதிக்கு வருவோம். தொற்றிய கல்லீரல் செல் முழு வைரஸ்களை மட்டும் வெளியிடுவதில்லை; உள்ளே மரபணு எதுவும் இல்லாத வெற்று உறைகளையும் ரத்தத்தில் கொட்டுகிறது. முழு வைரஸின் விட்டம் 42 நானோமீட்டர், வெற்று உறையின் விட்டம் சுமார் 22 நானோமீட்டர். ஒரு வைரஸுக்கு ஆயிரம் முதல் ஒரு லட்சம் உறைகள் வரை மிதக்கின்றன. தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவில் சிவப்புச் சட்டைக்காரர் ஒருவரைப் பிடிக்கக் காவலர்கள் வருகிறார்கள், தெருவில் நிற்கும் அத்தனை பேரும் சிவப்புச் சட்டையே அணிந்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். வைரஸைப் பிடிக்க உடல் உருவாக்கும் எதிர்ப்புரதங்கள் இந்த வெற்று உறைகளிலேயே ஒட்டித் தீர்ந்துபோகின்றன. ஆண்டுக்கணக்கில் ஒரே புரதத்தை எதிர்கொள்ளும் டி செல்கள் என்னும் நோய் எதிர்ப்புச் செல்களோ, பிடி-1 என்னும் தடுப்பு மூலக்கூறு மேலோங்கி, களைத்துச் செயலிழக்கின்றன. சீட்டில் ‘பாசிட்டிவ்’ என்று பதிவாவதும் பெரும்பாலும் இந்த உறைகள்தான்!

செல்லின் உட்கருவிலும் வைரஸின் டி.என்.ஏ. ஒரு சிறு வளையமாகத் தங்கிவிடுகிறது. டெனோஃபோவிர் போன்ற மாத்திரைகள் வைரஸ் பெருகுவதை அடக்கினாலும் இந்த வளையத்தை அழிப்பதில்லை. ஆகவே மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

“கீழாநெல்லி போதாதா?” என்று நம் ஊரில் கேட்காதவர் இல்லை. சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் பிளம்பெர்க்குடன் சேர்ந்து 1988இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், கீழாநெல்லி பெற்ற 37 பேரில் 22 பேருக்கு மேலுறைப் புரதம் மறைந்ததாகக் கூறப்பட்டது. நம் மண்ணின் மூலிகை என்பதால் அது பலித்திருக்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் பின்னர் வந்த ஆய்வுகளில் அது உறுதிப்படவில்லை. தயவுசெய்து அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்.

பெரியவர்களுக்குத் தொற்றினால் நாட்பட்டதாக மாறுவது 5 சதவீதத்துக்கும் குறைவு. பிறக்கும்போதே தொற்றிய குழந்தைகளில் அது சுமார் 90 சதவீதம். அதனால்தான் பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி போடப்படுகிறது. ஈஸ்ட் செல்களில் தயாரித்த அதே மேலுறைப் புரதம்தான் அந்த ஊசியில் இருக்கிறது. தாய்க்குத் தொற்று இருந்தால் இம்யூனோகுளோபுலின் (தயார்நிலையில் உள்ள எதிர்ப்புரதங்கள்) ஊசியும் சேர்த்துப் போடுவார்கள். வீட்டில் பிரசவ நாள் நெருங்குகிறது என்றால், தாயின் பரிசோதனை முடிவை இப்போதே எடுத்துப் பாருங்கள்.