முழங்காலையும் கேட்டுப் போடும் கணக்கு

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில் இருக்கும் இரண்டு அண்ணன்களுக்கும் அக்காவுக்கும், இந்தத் தை மாதப் பனியில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சத்துவாச்சாரிப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

‘கனவு ஸ்போர்ட்ஸ் காரை வாங்க ஏற்ற காலம் எது? கடமைகள் முடிந்த பிறகா, கைகால் திடமாக இருக்கும்போதா?’ இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் அண்ணன் அழகாக ஒரு வரிசை போட்டார். முதலில் சொந்த வீடு, அப்புறம் பிள்ளைகள் படிப்பு, அப்புறம் கல்யாணம், அப்புறம் வயதான காலத்துக்கு வங்கியில் பணம். இந்த நாலும் முடிந்து மீதி இருந்தால் கார். நீங்களும் கைதட்டினீர்கள். ஐயா, அந்த வரிசையை ஒரு படிகூட விடாமல் வாழ்ந்த ஒருவரை எனக்குத் தெரியும். என் அப்பா.

அப்பா ராணிப்பேட்டையில் சின்னதாக ஒரு டேனரி, அதாவது தோல் பதனிடும் பட்டறை, நடத்தினார். பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுக்கிற தோல் ஷாப். எண்பதுகளில் தோல் பார்க்க வந்த ஜெர்மன் வியாபாரி ஒருவர் ஒரு பத்திரிகையை விட்டுவிட்டுப் போனார். அதில் ஒரு காரின் படம். போர்ஷே 911. உருண்டையாக இரண்டு முன்விளக்கு, பின்பக்கம் சரிந்து இறங்கும் கூரை, என்ஜின் பின்சக்கரத்துக்கும் பின்னால். அப்பா அந்தத் தாளைக் கிழித்து பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்தார். பள்ளிக்கூட யூனிஃபார்ம் எடுக்க பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் காரைப் பார்த்துத்தான் நானும் அக்காவும் வளர்ந்தோம்.

2003-ல் காட்பாடியில் வீடு கட்டினார். 2009-ல் என் இன்ஜினியரிங் முடிந்தது. 2011-ல் அக்கா கல்யாணம். 2017-ல் டேனரியைக் கொடுத்துவிட்டு, இருந்த கடனை அடைத்து, நெடுஞ்சாலை ஓரத்து மனையையும் விற்றார். எதிரணி அண்ணன் சொன்ன நாலும் முடிந்தது. 2018 சித்திரையில் ஒரு காலை, “வாம்மா, மெட்ராஸ் வரைக்கும் போய்ட்டு வரலாம்” என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. சலவை வேட்டி கட்டியிருந்தார்.

பழைய வெளிநாட்டுக் கார்களை வாங்கி விற்கும் ஷோரூம் அது. வெள்ளை நிற 911 ஒன்று நின்றது. அப்பா அதைச் சுற்றி வந்தார். கதவைத் திறந்துவிட்டார்கள். செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்தார் ஐயா, வீட்டுக்குள் நுழைகிற மாதிரி. சீட்டுத் தோலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மடித்துப் பார்த்து, “கிரெய்னைக் கெடுக்காம ஃபினிஷிங் பண்ணியிருக்கான்” என்றார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி பத்து நிமிஷம் இருந்திருப்பார். பிறகு இறங்கப் பார்த்தார். வலது காலை வெளியே வைத்தார், கூரை விளிம்பைப் பிடித்தார், எழ முடியவில்லை. திரும்ப முயன்றார். மூன்றாவது தடவை ஷோரூம் பையன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினோம். காலாலேயே தடவிச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, “சரிம்மா, போலாம்” என்றார். வாலாஜா டோல்கேட் வரும்வரை அவர் பேசவே இல்லை. முழங்கால் தேய்மானம் என்று டாக்டர் சொல்லி இரண்டு வருஷம் ஆகியிருந்ததே எங்களுக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

பணம் இருந்தது, கார் இருந்தது, கால் இல்லை. அதனால்தான் ஐயா நான் இந்த அணியில் நிற்கிறேன்.

அண்ணன், ‘அறுபது வயதிலும் ஓட்டுகிறவர்கள் இல்லையா?’ என்று கேட்டார். இருக்கிறார்கள். அவர்கள் நூறு வருஷம் ஓட்டட்டும். ஆனால் நம் முழங்காலுக்கு யார் உத்தரவாதம் எழுதித் தருவது? நம் ஊரில் ஓடிய அம்பாசடர் காரின் உயரம் ஏறக்குறைய 160 சென்டிமீட்டர். 911-ன் உயரம் 130 சென்டிமீட்டர் அளவுதான். அதில் உட்காருவது நாற்காலியில் உட்காருவது போல இல்லை, மணை போட்டு உட்கார்ந்து எழுவது போல. ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் பிரேக், ஆக்சிலரேட்டர். கால் ஓய்வே எடுக்காது. ராத்திரி நேரத்தில் எதிரே வரும் லாரியின் வெளிச்சம் கண்ணைக் கூசும், வயது ஏற ஏற அந்தக் கூச்சமும் ஏறும். இந்தக் காரை வாங்கி ஷெட்டில் நிறுத்தி வைப்பதற்கா ஆசைப்படுகிறோம்? ஓட்டத்தானே?

கடமை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடமைக்கு முடிவு நாள் கிடையாது என்கிறேன். அக்கா கல்யாணத்தோடு முடிந்ததா? அப்புறம் வளைகாப்பு, அப்புறம் பேரனுக்கு மொட்டை அடித்துக் காது குத்து, அப்புறம் அந்தப் பேரனின் ஸ்கூல் ஃபீஸ். அலை ஓய்ந்து கடலாடுவது எப்போது என்று நம் பெரியவர்கள் சும்மாவா கேட்டார்கள்?

எதிரணி அக்கா பாரியைக் கூப்பிட்டார்கள். முல்லைக்கொடி தவிக்கிறதே என்று தேரையே விட்டுவிட்டு நடந்து போனானே, அவன் பரம்பரையில் வந்தவர்களுக்கு ஓட்டக் கார் ஒரு கேடா என்றார்கள். அக்கா, பாரி அந்தக் கொடியைப் பார்த்ததும் கொடுத்தான். ‘அரண்மனைச் செலவெல்லாம் முடியட்டும், மிச்சம் இருந்தால் அடுத்த மழைக்காலத்தில் தேர் தருகிறேன்’ என்று அவன் சொல்லியிருந்தால் அந்த முல்லை காய்ந்துதானே போயிருக்கும்? மனசு சொன்ன நேரத்தில் செய்தவன் அவன். என் கட்சிக்குத்தான் அவன் சாட்சி.

சரி, பணத்துக்கு வருகிறேன். எதிரணியின் பலமான வாதம் இதுதான், இதற்கு நான் நேராகப் பதில் சொல்ல வேண்டும். ‘கைகால் திடமாக இருக்கும்போது பணம் இருக்காது, கடன்தான் இருக்கும்’ என்றார் இரண்டாவது அண்ணன். உண்மைதான். அதற்காகக் கனவை அறுபது வயதுக்குத் தள்ள வேண்டியதில்லை. கணக்குப் போட்டு, வாங்கும் தேதியைக் குறிக்க வேண்டும்.

முதலில் எந்தக் கார் என்பதைப் பார்ப்போம். புதுக் கார் என்றால் ஷோரூம் விலையோடு முடியாது. 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் விலை உள்ள காருக்கு ஆயுட்கால வரி 20 சதவீதம். ஒரு கோடி ரூபாய் கார் என்றால் வரி மட்டும் 20 லட்சம். அந்தப் பணத்துக்கு வேலப்பாடியில் சின்னதாக ஒரு மனை பேசத் தொடங்கலாம். அதற்குமேல் இன்சூரன்ஸ். அந்த இன்சூரன்ஸ்காரர்களின் கணக்கிலேயே ஒரு காரின் மதிப்பு ஆறு மாதத்துக்கு மேல் போனால் 15 சதவீதம் குறைகிறது, ஐந்தாவது வருஷத்தில் பாதியாகிறது. அண்ணன் இதைச் சொல்லித்தான் பயமுறுத்தினார். இதே கணக்குதான் எனக்கு வழி காட்டியது. இரண்டாம் கைக் காரில் முதல் ஐந்து வருஷ இறக்கத்தை முதல் சொந்தக்காரர் தாங்கிவிட்டார். ஆயுட்கால வரியையும் அவரே கட்டிவிட்டார். தமிழ்நாட்டுப் பதிவெண் உள்ள வண்டியை வாங்கினால் அந்த வரி வண்டியோடு வருகிறது.

பெங்களூரில் விலை குறைவு என்று கர்நாடகப் பதிவெண் வண்டிக்கு ஆசைப்படுகிறவர்கள் நம் பக்கம் நிறைய. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் அங்கிருந்து என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, இங்கே வரி கட்டியாக வேண்டும். அதைச் சேர்த்துப் பார்த்துவிட்டுக் குறைவா கூடுதலா என்று சொல்லுங்கள்.

நான் பார்த்து வைத்திருப்பது 911 இல்லை. அதன் தம்பி, அதே போர்ஷே கம்பெனியின் கேமன். இரண்டு சீட்டுதான். தமிழ்நாட்டுப் பதிவெண், இரண்டாம் கை, கேட்கிற விலை 38 லட்சம். எனக்கு வயது 37. மேல்விஷாரத்தில் 24 தையல் மெஷின் வைத்து ஷூவுக்கு அப்பர், அதாவது மேல்பாகம், தைத்துக் கொடுக்கிறேன். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். கையில் சேர்த்தது 20 லட்சம். மீதி 18 லட்சத்துக்கு 12 சதவீத வட்டியில் ஐந்து வருஷக் கடன் என்றால் தவணை மாதம் 40,000 சொச்சம். வட்டி மட்டும் மொத்தம் 6 லட்சம் போகும்.

இதைப் பார்த்துவிட்டு, ‘சம்பாதிக்கிற காசில் 40,000 கட்ட முடியும், வாங்கிவிடலாம்’ என்று கையெழுத்துப் போடுகிற இடத்தில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். கார் வாங்கும் காசு வேறு, காரை வைத்திருக்கும் காசு வேறு. இந்தக் காரில் பின்டயர் முன்டயரைவிட அகலம், அதனால் நம் வீட்டுக் காரில் செய்கிற மாதிரி முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு ஓட்ட முடியாது. சர்வீஸுக்குச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டும். வழியில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்கக் கூடாது, காரையே மேலே ஏற்றிக்கொண்டு போகும் தட்டு லாரியில்தான் அனுப்ப வேண்டும். வண்டிக்கு வயது ஐந்தைத் தாண்டினால் ஜீரோ டெப், அதாவது தேய்மானம் கழிக்காமல் பணம் தருகிற இன்சூரன்ஸ், கிடைப்பது பெரும்பாலும் கஷ்டம், ஒரு பம்பர் உடைந்தால் பாதிக் காசு நம் கையிலிருந்து போகும். அதனால் தவணை 40,000 என்றால், மேலே 15,000 சேர்த்து 55,000 என்று வைத்தேன்.

வைத்துவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? கார் வாங்கவில்லை. வங்கியில் மாதம் 55,000 ரூபாய்க்கு ஓர் ஆர்.டி., அதாவது மாதாமாதம் கட்டுகிற சேமிப்புக் கணக்கு, தொடங்கினேன். கார் ஏற்கெனவே வாசலில் நிற்பதாக நினைத்துக்கொண்டு, ஐந்தாம் தேதி வந்தால் தவணை கட்டுகிற மாதிரியே கட்ட வேண்டும். பன்னிரண்டு மாதம். ஒரு மாதம் தவறினாலும் கணக்கை மூடிவிட்டு முதலிலிருந்து எண்ண வேண்டும் என்று எனக்கு நானே விதித்துக்கொண்டேன். ஏனென்றால் நிஜமான கடனில் தவறிய மாதத்தை வங்கி மறக்காது.

முதல் தடவை ஐந்தாவது மாதம் தவறியது. ஆம்பூரிலிருந்து வர வேண்டிய பில் பணம் 45 நாள் இழுத்தது, அதே மாதத்தில் மாமியாருக்குக் கண்புரை ஆபரேஷன். தையல்காரப் பெண்களுக்குக் கூலி கொடுப்பதா, ஆர்.டி. கட்டுவதா? கூலிதான் கொடுத்தேன். அன்று ராத்திரி அந்தப் பாஸ்புக்கைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. ஆனால் ஐயா, அன்றைக்கு என்னிடம் கார் இருந்திருந்தால் நிலைமை என்ன? தவணையும் தவறியிருக்கும், கூலியும் தவறியிருக்கும். கார் என்னிடம் இல்லாமலே அந்தப் பாடம் கிடைத்தது. மூன்று மாதக் கூலிக்கான பணத்தைத் தனியே ஒதுக்கி வைத்த பிறகுதான் மறுபடி ஆரம்பித்தேன்.

எனக்கு வசதி வந்துவிட்டதா என்பதை இந்தப் பன்னிரண்டு மாதம்தான் சொல்லும். பக்கத்து வீட்டுக்காரர் சொல்ல மாட்டார், ஷோரூம்காரர் சொல்லவே மாட்டார். இதில் இன்னொன்றும் நடக்கிறது. பன்னிரண்டு மாதம் கட்டி முடித்தால் கையில் 6 லட்சத்து 60 ஆயிரம், அதோடு கொஞ்சம் வட்டி. கடன் 18 லட்சத்திலிருந்து 12 லட்சத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது, தவணையும் 26,000-க்குள் வந்துவிடுகிறது.

குடும்பத்துக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுக்காதவர், பிள்ளையின் ஃபீஸை நகை வைத்துக் கட்டுகிறவர், இவர்களை நாளைக்கே போய்க் கார் வாங்குங்கள் என்று என் அணி சொல்லவில்லை. ஆர்.டி. போடுங்கள் என்று சொல்கிறது. மாதம் 2,000 முடிந்தால் 2,000. எந்த வருஷம், எந்த மாதம் என்று ஒரு தேதியாவது கிடைக்கும். ‘எல்லாம் முடியட்டும்’ என்று சொன்ன என் அப்பாவின் காலண்டரில் முப்பது வருஷமாக அந்தத் தேதி இல்லை.

‘வேலூரில் எங்கே ஓட்டுவாய், தெருவுக்குத் தெரு ஸ்பீடு பிரேக்கர்’ என்றார் அண்ணன். தெருவில் எல்லோரையும் போல மெதுவாகத்தான் போவேன், பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கிற ரோடு அது. வேகத்துக்கு என்று ஒரு இடம் இருக்கிறது. இதே பெங்களூர்–சென்னை ரோட்டில் ஏறி நூறு கிலோமீட்டர் போல போனால் ஸ்ரீபெரும்புதூர் தாண்டி இருங்காட்டுக்கோட்டை. அங்கே 1990-லிருந்து கார் பந்தயத் தடம் இருக்கிறது, 3.7 கிலோமீட்டர் சுற்று. தனி ஆட்களின் காரை உள்ளே விடுகிற நாட்களில் கட்டணம் கட்டி, ஹெல்மெட் போட்டு, அங்கே ஓட்டலாம்.

மணி அடித்துவிட்டது, முடிக்கிறேன் ஐயா. இது இரண்டாவது ஆர்.டி. பாஸ்புக், கையிலேயே கொண்டுவந்திருக்கிறேன், நடுவர் ஐயா பார்க்கலாம். பத்து மாதம் கட்டியாகிவிட்டது, தவறவில்லை. மாசியும் பங்குனியும் பாக்கி. அப்பா மூன்றாவது வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். போன மாதம் அவரை முழங்கால் டாக்டரிடம் கூட்டிப் போனேன். உயரம் குறைந்த சீட்டிலிருந்து எழ வேண்டும், என்ன பயிற்சி செய்யலாம் என்று கேட்டேன். தினமும் காலையில் கட்டிலில் உட்கார்ந்து இருபது தடவை காலை நீட்டி மடக்குகிறார். நான் எண்ணுகிறேன்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.