கத்தினாலும் கேட்கவில்லையா? உங்கள் லேப்டாப்பில் இரண்டு மைக் சண்டை போடுகிறது! | லினக்ஸ் மைக் சத்தம்

(திரை: தண்டையார்பேட்டை, மொட்டை மாடி அறை. லேப்டாப்பில் வீடியோ கால்.)

"டேய், கிணத்துக்குள்ள உக்காந்தா பேசுற?"

இது என் பெரியம்மா. அவர் திருவொற்றியூரில், நான் தண்டையார்பேட்டையில். மெட்ரோவில் ஏறி உட்கார்ந்து சாய்வதற்குள் தேரடி வந்துவிடும், அவ்வளவு பக்கம். ஆனால் லேப்டாப்பில் கூப்பிட்டால் மட்டும், நான் எண்ணூர் தாண்டி நடுக்கடலில் படகில் நின்று பேசுவது போல அவருக்குக் கேட்கும்.

மைக் போய்விட்டது போலிருக்கிறது என்று என் குரலை அதே லேப்டாப்பில் பதிவு செய்து, ஹெட்போனில் போட்டுக் கேட்டேன். கணீரென்று இருக்கிறது! காசிமேட்டில் மீன் ஏலமே விடலாம், அப்படி ஒரு குரல். அதே மைக், அதே லேப்டாப், அதே நான். பதிவு செய்தால் கேட்கிறது, கூப்பிட்டால் கேட்கவில்லை. எப்படி?

விடையைக் கண்டுபிடித்தது நான் இல்லை. எந்த லினக்ஸ் நிபுணரும் இல்லை. எங்கள் தெரு மைக் செட் அண்ணன். அந்தக் கதை பின்பாதியில் வருகிறது. அதற்காக முன்பாதியை ஓட்டிவிடாதீர்கள். உங்களில் நிறையப் பேருக்கு வேலை அங்கேயே முடிந்துவிடும். லைக், சப்ஸ்கிரைப் எல்லாம் பிறகு கேட்கிறேன்.

(திரை: மூன்று பெட்டிகள், ஒன்றின் மேல் ஒன்று.)

பின்னணியை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். சவுண்ட் சிப்போடு நேராகப் பேசுவது அல்சா. அது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் இருக்கிறது. அதற்கு மேலே உட்கார்ந்து, எந்தச் செயலிக்கு எந்த மைக், எவ்வளவு சத்தம் என்று பங்கு பிரிப்பது முன்பு பல்ஸ் ஆடியோ, இப்போது பைப்வயர். லினக்ஸ் வகைகளில் ஃபெடோரா 2021-லும் உபுண்டு 2022 அக்டோபரிலும் பைப்வயருக்கு மாறின. அதற்கும் மேலே ஜூம், மீட் வகையறா. ஆக உங்கள் குரல் மூன்று கை மாறிப் போகிறது, மூன்று கையிலும் ஒரு திருகு இருக்கிறது. முடிந்தது வரலாறு.

(திரை: பவுகன்ட்ரோல் திறக்கிறது.)

முதலில் கொஞ்சம் வெட்கப்பட வைக்கும் சோதனை. நீங்கள் பேசும் மைக்தான் ஓடுகிறதா? பவுகன்ட்ரோல் என்று ஒரு சின்னச் செயலி இருக்கிறது. மெனுவில் பல்ஸ் ஆடியோ வால்யூம் கன்ட்ரோல் என்று வரும். பைப்வயர் உள்ள கணினியிலும் இதுவே வேலை செய்யும், பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதில் இன்புட் டிவைசஸ் பக்கத்துக்குப் போனால் ஒவ்வொரு மைக்குக்கும் கீழே ஒரு கோடு ஆடிக்கொண்டிருக்கும். மைக் துளைக்குப் பக்கத்தில் விரலால் லேசாகத் தட்டுங்கள். எந்தக் கோடு துள்ளுகிறதோ, அதுதான் நீங்கள் தட்டிய மைக்.

சிரிக்காதீர்கள். நான் ஒரு நாள் அரை மணி நேரம் ஒரு பட்டையை ஏற்றி ஏற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் அது சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்த வெப்கேமின் மைக் என்று கண்டுபிடித்தவன்.

அதே செயலியில் ரெக்கார்டிங் என்று இன்னொரு பக்கம் உண்டு. அழைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் அங்கே ஆள் தெரியும். எந்தச் செயலி எந்த மைக்கைப் பிடித்திருக்கிறது என்று அங்கே பார்க்கலாம், அங்கேயே மாற்றியும் விடலாம். அப்புறம், மைக் சத்தத்தை ஏற்றி இறக்கும் பட்டை 100-இல் நின்றுவிடாது. 153 வரை போகும். 100-க்கு மேலே போவது மென்பொருள் ஊதிப் பெரிதாக்குவது. 153 சதவீதம் என்றால் கூடுதலாக 11 டெசிபல். அவசரத்துக்குப் பரவாயில்லை, குடும்பம் நடத்த முடியாது.

ஹெட்செட் வைத்திருப்பவர்கள் பின்னைப் பாருங்கள். மொபைல் ஹெட்செட் பின்னில் மூன்று கறுப்பு வளையம், நான்கு தொடுமுனை இருக்கும். பழைய மேசைக் கணினியில் மைக்குக்கு இளஞ்சிவப்புத் துளை, ஸ்பீக்கருக்குப் பச்சை, தனித்தனி. அதில் இதைக் குத்தினால் மைக் எடுக்காது. ஒய் மாதிரி பிரியும் ஸ்ப்ளிட்டர் வேண்டும், பர்மா பஜார் பக்கம் கேட்டால் கொடுப்பார்கள். தப்பித் தவறி மைக்கை நீலத் துளையில் குத்தாதீர்கள். அது லைன்-இன். மைக் கொடுப்பது சில மில்லிவோல்ட், லைன்-இன் எதிர்பார்ப்பது அதைவிடப் பல மடங்கு. புளூடூத் ஹெட்செட் தனி வில்லங்கம், அதற்குத் தனி வீடியோ.

(திரை: ஆடி மாதத் தெரு. கூழ் அண்டா, குழாய் ஸ்பீக்கர், மிக்சர் மேசை.)

இப்போது எனக்குப் பிடித்த இடம். ஆடி மாதம் எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது மைக் செட் அண்ணன் பக்கத்தில்தான் நான் உட்காருவேன். அவருடைய மிக்சரில் ஒவ்வொரு மைக்குக்கும் மேலே ஒரு திருகு, கீழே ஒரு தள்ளுகட்டை. மேலே இருப்பது கெயின், கீழே இருப்பது ஃபேடர். மேடையில் யாராவது மைக்கைத் தொப்புளுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு பேசினால், அண்ணன் கீழே தொடமாட்டார். மேலே இருக்கும் திருகைத்தான் திருகுவார். ஏனென்றால் குரல் மெலிந்து உள்ளே வந்துவிட்ட பிறகு கீழே எவ்வளவு தள்ளினாலும், வழியில் ஒட்டிக்கொண்ட கொர்ர் சத்தமும் சேர்ந்தே ஏறும். தூக்குவதை வாசலிலேயே தூக்கிவிட வேண்டும்.

லினக்ஸில் அந்த வாசல் திருகுக்கு மைக் பூஸ்ட் என்று பெயர். டெஸ்க்டாப்பின் சவுண்ட் அமைப்பில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறந்து அல்சாமிக்ஸர் என்று ஒரே சொல்லாக அடியுங்கள், எழுத்து திரையில் ஓடுகிறது.

(திரை: கறுப்புப் பின்னணி, ஒரே ஒரு பட்டை.)

இங்கேதான் பாதிப் பேர் திரும்பி ஓடுகிறார்கள். ஒரே ஒரு பட்டைதான் இருக்கிறது, பூஸ்டைக் காணோமே என்று. நீங்கள் பார்ப்பது பைப்வயர் காட்டும் வெளித் திண்ணை. எஃப்6 அழுத்தி உண்மையான சவுண்ட் கார்டைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் எஃப்4, அது மைக் பக்கம். இப்போது கேப்சர், இன்டர்னல் மைக் பூஸ்ட் என்று பட்டைகள் வரிசையாக வரும். கேப்சர் பட்டையின் கீழே சிவப்பில் கேப்சர் என்ற எழுத்து எரிய வேண்டும். எரியவில்லை என்றால் ஸ்பேஸ் பார். பூஸ்டுக்குப் போய் மேல் அம்புக்குறியைத் தட்டினால் அது நூல் நூலாக ஏறாது, படி படியாகத் தாவும். பெரும்பாலான சிப்புகளில் ஒரு படி 10 டெசிபல், மொத்தம் மூன்று படி.

டெசிபலில் 10 என்றால் சின்னதாகத் தெரிகிறதா? 20 டெசிபல் என்றால் மின்னழுத்தம் 10 மடங்கு. 30 என்றால் ஏறக்குறைய 32 மடங்கு! மூன்று தட்டுக்கு 32 மடங்கு. இதைப் பார்க்காமல் புது மைக் வாங்க ரிச்சி தெருவுக்குப் பஸ் ஏறினவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். ஆனால் ஆசைப்பட்டு முழுவதும் ஏற்றாதீர்கள். குரல் உடையும், ஃபேன் சத்தம் ஹெலிகாப்டர் ஆகும். ஒரு படி, போதவில்லையென்றால் இரண்டு, அங்கேயே நில்லுங்கள்.

ஒரு சின்னக் குழப்பம் வரும். பவுகன்ட்ரோலில் பட்டையை நகர்த்தினால் இங்கே பூஸ்டும் தானாக நகரலாம். அது கோளாறு இல்லை. கேப்சரையும் பூஸ்டையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே பட்டையாகக் காட்டுவது அந்த மேல் அடுக்கின் வழக்கம். புது லேப்டாப்புகள் சிலவற்றில் பூஸ்டே இருக்காது, டிமைக்0 என்ற பட்டை இருக்கும், அதை ஏற்றுங்கள்.

(திரை: அழைப்பு ஓடுகிறது. பக்கத்தில் பவுகன்ட்ரோல். பட்டை தானாகக் கீழே இறங்குகிறது.)

இதைப் பாருங்கள். நான் மவுஸைத் தொடவில்லை, கை மேலே இருக்கிறது. பட்டை தானாக இறங்குகிறது. பேய் இல்லை. அழைப்புச் செயலிகளுக்குள் குரலைத் தானாகச் சமப்படுத்தும் ஏற்பாடு ஒன்று உண்டு. நீங்கள் ஒரு தடவை இருமினால், ஐயோ சத்தம் அதிகம் என்று அது உங்கள் மைக்கையே இறக்கிவிடும், ஏற்றுவதற்கு மட்டும் யோசிக்கும். ஜூமில் ஆடியோ அமைப்பில், மைக் சத்தத்தைத் தானாகச் சரிசெய் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். அப்படி ஒரு டிக்கே இல்லாத செயலி என்றால், பைப்வயர்-பல்ஸ் அமைப்புக் கோப்பில் பிளாக்-சோர்ஸ்-வால்யூம் என்று ஒரு விதி உண்டு. அந்தச் செயலியின் பெயருக்கு நேராக அதைப் போட்டுவிட்டால் மைக் திருகை அதனால் தொட முடியாது.

(திரை: மைக் செட் கடை. அடுக்கி வைத்த ஸ்பீக்கர் பெட்டிகள்.)

சரி, நம் கதைக்கு வருவோம். இவ்வளவும் செய்தேன். பூஸ்ட் ஏற்றியாகிவிட்டது, மைக் சரி, தானாக இறக்குவதும் இல்லை. பெரியம்மாவுக்கு இன்னமும் கிணறுதான். "நீ பேசுறது கேக்கல, உஸ் உஸ்னு மட்டும் வருது" என்கிறார். இந்த உஸ்ஸை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் கடையில் உட்கார்ந்து புலம்பினேன். பதிவு செய்ததை ஒரு காது ஹெட்போனில் கேட்டார், அப்புறம் மறு காதில் கேட்டார், அப்புறம் கடையில் இருந்த ஒற்றை ஸ்பீக்கரில் போட்டார். குரல் காணாமல் போனது. அண்ணன் சிரித்துவிட்டார்.

"தம்பி, ரெண்டு பாக்ஸ் வெச்சு, ஒண்ணுக்கு மட்டும் பிளஸ் மைனஸ் மாத்திக் குடுத்துட்டா இப்டிதான் ஆவும். பாட்டு இருக்கும், அடி இருக்காது. உன் மைக்ல எவனோ ஒரு ஒயர மாத்திட்டான்."

எனக்கு மயிர் சிலிர்த்துவிட்டது. வீட்டுக்கு ஓடி வந்து ஆடாசிட்டி என்ற பதிவுச் செயலியில் இடது, வலது தனித்தனியாக வரும்படி ஸ்டீரியோவாகப் பதிவு போட்டு, ஒரே ஒரு கைதட்டல் தட்டி, அலையை நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

(திரை: இரண்டு அலைக்கோடுகள். மேலே ஏறும் இடத்தில் கீழே இறங்குகிறது.)

பார்த்தீர்களா? மேல் கோடு மலை ஏறும் இடத்தில் கீழ்க் கோடு பள்ளத்தில் இறங்குகிறது. கண்ணாடி பிம்பம்! இடது சேனலும் வலது சேனலும் நேரெதிர்.

ஒரு மீன்பாடி வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மழைத் தண்ணீரில் சுரங்கப்பாதையில் நின்றுவிட்டது. இரண்டு பேர் இறங்கித் தள்ளுகிறார்கள். இருவரும் நல்ல பலசாலிகள். ஆனால் ஒருவர் பின்னாலிருந்து முன்னே தள்ளுகிறார், மற்றவர் முன்னாலிருந்து பின்னே தள்ளுகிறார். இருவருக்கும் வேர்த்துக் கொட்டுகிறது, வண்டி அசையவில்லை. தனித்தனியாகக் கேட்டால், நான் முழு பலத்தோடு தள்ளினேன் என்று இருவரும் சத்தியம் செய்வார்கள். பொய்யும் இல்லை.

பதிவை ஹெட்போனில் கேட்டபோது ஒவ்வொரு காதுக்கும் ஒவ்வொரு சேனல் போனது, அதனால் குரல் கேட்டது. அழைப்புச் செயலி இரண்டையும் கூட்டி ஒரே சேனலாக, மோனோவாக அனுப்புகிறது. கூட்டினால் பிளஸ்ஸும் மைனஸும் சேர்ந்து பூஜ்யம். அப்படியானால் அந்த உஸ்? இரைச்சல் இரண்டு சேனலிலும் குரலைப் போல நேரெதிராக இருப்பதில்லை, அதனால் அது ஒன்றையொன்று அழிப்பதில்லை. குரல் செத்துப்போகிறது, இரைச்சல் பிழைத்துக்கொள்கிறது. பெரியம்மாவின் காது துல்லியம்!

இப்படி ஏன் செய்கிறார்கள்? முட்டாள்தனம் இல்லை. அண்ணன் மேடைக்கு இழுக்கும் மூன்று முனை மைக் கேபிளிலும் இதே வித்தைதான். ஒரே குரலை ஒரு கம்பியில் நேராக, இன்னொன்றில் தலைகீழாக அனுப்பி, மறுமுனையில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பார்கள். வழியில் ஒட்டிய இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி ஒட்டுவதால் கழித்ததும் விழுந்துவிடும், குரல் இரட்டிப்பாகும். கழிக்க வேண்டியதை நாம் கூட்டிவிட்டோம், அவ்வளவுதான் தப்பு. லினக்ஸ் கெர்னலில் இந்த மாதிரி லேப்டாப்புகளுக்கென்றே இன்வ்-டிமைக் என்று ஒரு மாற்று ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். என் பழைய லேப்டாப் அந்தப் பட்டியலில் ஏறவில்லை.

தீர்வுக்குப் பத்து விநாடி போதும். பவுகன்ட்ரோலில் மைக்குக்குப் பக்கத்தில் ஒரு பூட்டுப் படம் இருக்கும். அதைத் தட்டித் திறந்தால் இடது, வலது என்று பட்டை இரண்டாகப் பிரியும். வலதைப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். எதிரே நின்று தள்ளியவரை வண்டியிலிருந்து விலக்கிவிட்டீர்கள். சத்தம் பாதிதான் வரும், அதற்கு பூஸ்டில் ஒரு படி ஏற்றிக்கொள்ளுங்கள்.

(திரை: வீடியோ கால்.)

"இப்ப சொல்லு. அது என்னடா, உங்க வீட்ல குக்கர் மூணு விசில் விட்டுடுச்சு, யாரும் இறக்கலயா?"

உங்களுக்கும் பதிவில் கேட்டு அழைப்பில் கேட்காத நிலைமை என்றால், அல்சாமிக்ஸரின் இடது மேல் மூலையில் சிப் என்று ஒரு வரி இருக்கும். அதில் உள்ளதையும் லேப்டாப் மாடலையும் கமெண்டில் போடுங்கள். கைதட்டல் அலையின் படமும் இருந்தால் இன்னும் நல்லது, சேர்த்துப் பார்க்கலாம். லைக், சப்ஸ்கிரைப், மணி, எல்லாம் கேட்டுவிட்டேன். கீழே தண்ணி லாரி ஹாரன் அடிக்கிறது, குடத்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறேன். ஹாரன் உங்களுக்கும் கேட்டதுதானே?