எரிமலைப் பள்ளத்துல ஒரு மடாலயம்: மரியா லாக்

எல்லாருக்கும் வணக்கம்! ஜெர்மனியில ஐஃபெல் மலைப்பகுதிக்கு வந்திருக்கேன். பின்னாடி தெரியுதே ஏரி, அது சுமார் 13,000 வருஷத்துக்கு முன்னாடி எரிமலை வெடிச்சு உள்வாங்கின பள்ளம். அதோட கரையிலதான் மரியா லாக், பெனடிக்டைன்ங்கிற கத்தோலிக்கத் துறவிகளோட மடாலயக் கோயில்.

1093-ல இரண்டாம் ஹைன்ரிஷ்னு ஒரு பிரபுவும் அவர் மனைவி அடெல்ஹைடும் வேலையை ஆரம்பிச்சாங்க. ரெண்டே வருஷத்துல அவர் இறந்துட்டார். அந்தம்மா விடல, தான் கண்ணை மூடுற வரைக்கும் கட்டிக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் வேலை நின்னு, மறுபடி தொடங்கி, 1156-லதான் கோயில் அர்ச்சிப்பு, அதாவது கோயிலைப் புனிதப்படுத்துற சடங்கு, நடந்துச்சு.

சுவரைக் கிட்டத்துல காட்டுறேன். இந்த மஞ்சள் கல்லு டஃப், எரிமலைச் சாம்பல் இறுகினது. செதுக்க லேசா இருக்கும். நடுவுல பட்டை பட்டையா ஏறுதே கறுப்பு, அது எரிமலைக் குழம்பு உறைஞ்ச கல். எந்த எரிமலை மண்ணு மேல நிக்குதோ அதே மண்ணுல இருந்து எழும்பின கோயிலுங்க இது! கிழக்க மூணு, மேற்க மூணுன்னு ஆறு கோபுரம். மேற்க ரெண்டு ஓரத்துலயும் உருண்டை, கிழக்க ரெண்டு ஓரத்துலயும் சதுரம், அதுங்க நடுவுல எட்டுப்பட்டை. எல்லாம் ஒரே மாதிரி இல்ல, ஆனா எதுவும் துருத்திக்கிட்டு நிக்கல.

மேற்கு வாசல்ல இருக்கிற இந்த முற்றம் 13-ம் நூற்றாண்டுல சேர்த்தது, பேரு 'பாரடைஸ்'. தூண் தலைப்புல பாருங்க, ஒரு குட்டிச் சாத்தான் உட்கார்ந்து எழுதிக்கிட்டிருக்கான். லத்தீன்ல, 'மக்களின் பாவங்கள்'னு. உள்ள வர்ற ஒவ்வொருத்தர் கணக்கும் அவன்கிட்ட!

எல்லாரும் கோபுரத்தைத்தான் போட்டோ எடுக்கிறாங்க. என்னைக் கேட்டா, இங்க பெரிய சாதனை கண்ணுக்கே தெரியாத ஒரு சுரங்கம். இந்த ஏரிக்கு இயற்கையா வடிகால் கிடையாது. மழை கூடினா தண்ணி ஏறி மடத்துக்கே வந்துடும். 12-ம் நூற்றாண்டுல ஃபுல்பெர்ட்ங்கிற மடாதிபதி காலத்துல, பள்ளத்தோட விளிம்பைக் குடைஞ்சு, ஏறக்குறைய 880 மீட்டருக்குச் சுரங்கம் வெட்டி தண்ணிய வெளியேத்தினாங்க. இயந்திரம் எதுவும் இல்லாத காலம், நினைச்சுப் பாருங்க! அது இல்லேன்னா இந்தச் சுவரெல்லாம் என்ன கதி ஆகியிருக்கும்?

1802-ல பிரெஞ்சு ஆட்சியில மடத்தைக் கலைச்சுட்டாங்க. 1892-ல பெனடிக்டைன் துறவிங்க திரும்ப வந்தாங்க. உள்ள போறவங்க மேற்குப் பக்கம் ஹைன்ரிஷோட கல்லறையைப் பார்க்காம வந்துடாதீங்க. மரச்சிற்பமா படுத்திருக்கார், தான் கட்டி முடிக்காத கோயிலைச் சின்னதாக் கையில பிடிச்சுக்கிட்டு.