சென்சருக்கு சீல் போட்டாச்சு எண்டால் எந்த சீல்?

[திரையில்: சீனக்குடா எண்ணெய்க் குதங்கள், தூரத்தில இருந்து]

வணக்கம். திருகோணமலை ஆக்களுக்கு சீனக்குடா எண்ணெய்க் குதத்தைப் பற்றி சொல்லத் தேவையில்லை, பிரிட்டிஷ்காரர் காலத்தில கட்டினது, அதில ஒரு பகுதி இண்டைக்கும் பாவனையில இருக்கு. இந்த மாதிரி இடத்தில லெவல் சென்சர், பிரஷர் ட்ரான்ஸ்மிட்டர் பூட்டப் போற தம்பி தங்கச்சிமாருக்கும், எலக்ட்ரிகல் படிச்சுப்போட்டு கட்டார், ஓமான் எண்டு ஒயில் வேலைக்கு வெளிக்கிடுறவைக்கும்தான் இந்த வீடியோ.

சீல் செய்தாச்சோ எண்டு கேட்டால் கனபேர் சொல்லுறது, ஓம், ஐபி 66 பொக்ஸ்தானே எண்டு. அது தூசியும் தண்ணியும் உள்ளுக்கு போகாமல் இருக்கிற கணக்கு மட்டும்தான். காஸ் வெடிப்புக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. சென்சர் ஒண்டுக்கு மூண்டு விதமான சீல் இருக்கு: தூசி தண்ணியை மறிக்கிறது ஒண்டு, வயர் போற வழியால காஸும் நெருப்பும் போறதை மறிக்கிறது ஒண்டு, பைப்லைன் எண்ணெய் சென்சருக்குள்ளால வாறதை மறிக்கிறது ஒண்டு. மூண்டுக்கும் மூண்டு வேலை, ஒண்டு மற்றதின்ர வேலையைச் செய்யாது. இதை விளங்கிக்கொண்டால் மிச்சமெல்லாம் லேசு.

பெற்றோலை எடுங்கோ. மைனஸ் 40 டிகிரி கிட்டவே அது பத்தக்கூடிய அளவுக்கு ஆவி விடும், எங்கட வெயிலுக்கு கேக்கவே வேணாம். காத்தில 1.4 வீதம் அளவுக்கு ஆவி கலந்தாலே பத்தும். அந்த ஆவி காத்தை விட பாரம், அதால மேல போகாமல் கேபிள் போற கானுக்குள்ளயும் பள்ளத்துக்குள்ளயும் போய் தங்கி நிக்கும்.

[திரையில்: வெட்டிக் காட்டின பிளேம்புரூஃப் பொக்ஸ்]

இப்ப பிளேம்புரூஃப் பொக்ஸ், எக்ஸ் டி எண்டு போட்டிருக்கும். இதை காஸ் போகாத பொக்ஸ் எண்டு நினைக்காதேங்கோ. காஸ் உள்ளுக்கு போகும், ஸ்பார்க்கில வெடிக்கவும் கூடும் எண்டு நம்பித்தான் அதை செய்திருக்கினம். பொக்ஸ் அந்த வெடிப்பைத் தாங்கும், மூடிக்கும் உடம்புக்கும் இடையில இருக்கிற ஒடுங்கின இடைவெளியால வெளிய வாற காஸ் வெளிய இருக்கிறதை பத்தவைக்க ஏலாத அளவுக்கு ஆறித்தான் வரும். அதால அந்த முகத்தில பெயின்ட் அடிக்கக் கூடாது, அரம் போட்டு ராவக் கூடாது.

ஆனா அந்த பொக்ஸில இருந்து ஒரு கொண்டியூட், அதாவது வயர் போற பைப், போகுதெல்லோ, அதுக்குள்ளயும் காஸ் நிண்டால்? நெருப்பு பைப்புக்குள்ளால ஓடேக்க முன்னுக்கு இருக்கிற காஸை அமத்திக்கொண்டே போகும், அமத்தின காஸ் வெடிச்சால் வாற பிரஷர் சாதாரண வெடிப்பை விட பல மடங்கு. எவ்வளவு தூரம் ஓட விடுறமோ அவ்வளவுக்கு மோசம். அதாலதான் சீல் பொக்ஸுக்கு கிட்ட இருக்கவேணும் எண்டு அடம்பிடிக்கிறது. அமெரிக்க மின்சார வயரிங் விதிப்புத்தகமான என்இசியின்ர 501.15இல ஸ்பார்க் வாற சாமான் இருக்கிற பொக்ஸில இருந்து 18 அங்குலத்துக்குள்ள. வெடிக்கிற ஆபத்து எவ்வளவு எண்டு பாத்து இடத்தை சோன் சோனா பிரிக்கிற முறையில எக்ஸ் டி பொக்ஸ் எண்டால் 50 மில்லிமீற்றருக்குள்ள.

அந்த சீலுக்குள்ள ஊத்தி இறுக விடுற கலவை, கொம்பவுண்ட், அதுக்கும் கணக்கு இருக்கு. தடிப்பு பைப்பின்ர சைஸுக்கு குறையக் கூடாது, எப்பிடியும் 16 மில்லிமீற்றருக்கு குறையவே கூடாது, 93 டிகிரிக்கு கீழ உருகக் கூடாது, வயர் எல்லாம் சேர்ந்து பைப் குறுக்குவெட்டில 25 வீதத்துக்கு மேல போகாமல் இருக்கவேணும் (கூடுதலா விடுறதெண்டால் அந்த பிட்டிங் அதுக்கெண்டே அங்கீகாரம் எடுத்ததா இருக்கவேணும்), அதுக்குள்ள ஜொயின்ட் போடவே கூடாது. ஊத்த முதல் பைபர் வைச்சு அணை கட்டி வயரை ஒண்டை ஒண்டு தொடாமல் விரிச்சு விடுங்கோ, கட்டா இருந்தால் நடுவுக்குள்ள கொம்பவுண்ட் இறங்காது.

கொண்டியூட் இல்லாமல் கேபிள் எண்டால் கிளாண்ட், கேபிள் பொக்ஸுக்குள்ள போற இடத்தில அதை இறுக்கிப் பிடிக்கிற சாமான். சாதாரண கிளாண்ட் கேபிளை வெளியால பிடிக்கும், உள்ளுக்குள்ள இருக்கிற கோர்களுக்கு, அதாவது தனித்தனி வயருகளுக்கு, நடுவால போறதை பிடிக்காது. மண்ணெண்ணெய் அடுப்புத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி அந்த இடைவெளிகள் எண்ணெயை தூரத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். அதுக்குத்தான் பாரியர் கிளாண்ட், ஒவ்வொரு கோரையும் சுத்தி கொம்பவுண்ட் நிரப்புறது.

[திரையில்: ட்ரான்ஸ்மிட்டர் டயஃப்ரம்]

இனி கனபேர் விடுற இடம். பிரஷர் சென்சரின்ர முகத்தில ஒரு மெல்லிய தகடு, அதுக்கு அங்கால பைப்லைனில எண்ணெய் பிரஷரோட நிக்குது. தகடு வெடிச்சால் எண்ணெய் நேர சென்சருக்குள்ள, அங்கிருந்து கொண்டியூட்டுக்குள்ள, பிறகு ஆக்கள் இருக்கிற கொன்ட்ரோல் ரூமுக்கு. அங்கதான் சாதாரண சுவிட்ச்போர்ட் இருக்கு. நடுவில கொண்டியூட் சீல் இருக்குத்தானே எண்டு கேப்பீங்கள். அது வெடிப்பு மாதிரி ஒரு கண அடியைத் தாங்கச் செய்தது, விடாமல் அமத்துற பிரஷருக்கு செய்ததில்லை. சில அங்குல தண்ணி உயரம் அளவு பிரஷர் வித்தியாசத்துக்கே மெல்ல மெல்ல கசியலாம் எண்டு என்இசியே சொல்லுது. அதுக்குத்தான் புரோசஸ் சீல் எண்டு தனியா ஒண்டு, ஐஎஸ்ஏ 12.27.01, ஐஇசி 60079-40 எண்ட இரண்டு தர ஆவணங்களும் இதுக்கெண்டே வந்தது. சிங்கிள் சீல் எண்டால் ஒரே தடுப்பை கடுமையா சோதிச்சு எடுத்தது. டுவல் சீல் எண்டால் இரண்டு தடுப்பு, முதலாவது போனால் காட்டிக்குடுக்கவும் ஒரு வழி இருக்கவேணும், அனேகமா நடுவில ஒரு வென்ட் ஓட்டை.

ஐஎஸ் சென்சர், அதாவது ஸ்பார்க் வந்தாலும் காஸை பத்தவைக்க ஏலாத அளவுக்கு சக்தியைக் குறைச்சு வைச்ச சென்சர், கரண்ட் குறைவு, சீல் எதுக்கு எண்டும் கேக்கினம். ஸ்பார்க் பலமில்லை, சரி. ஆனா காஸ் பைப்புக்குள்ளால மற்ற இடத்துக்கு போறதை குறைந்த கரண்ட் நிப்பாட்டுமோ? பிளேம்புரூஃப் சீல் தேவையில்லை, காஸை மறிக்கிற சீல் தேவை.

மா ஆலை மாதிரி இடத்தில கதை மாறும். அங்க காஸ் இல்லை, கோதுமை மா தூசி. தூசி உள்ளுக்கு போகாமல் பாக்கிறதே பாதுகாப்பு எண்டபடியால் கஸ்கெட்டும் ஐபி நம்பரும் அங்க முழு முக்கியம், வேலை நடக்கேக்க தூசி மேகம் இடைக்கிடை வரக்கூடிய இடமான சோன் 21க்கு ஐபி நம்பரின்ர முதல் இலக்கம் 6 ஆ இருக்கவேணும்.

எங்கட ஊரின்ர உப்புக்காத்தையும் மறக்க ஏலாது. கச்சான் அடிக்கேக்க பொக்ஸ் கொதிக்கும், பின்னேரம் மழை விழுந்தால் குளிர்ந்து ஈரக்காத்தை உள்ளுக்கு இழுக்கும், மாரியில அது தண்ணியா கொண்டியூட்டின்ர பள்ளத்தில நிண்டு டெர்மினலை திண்டுவிடும். அப்பிடியான இடத்தில ட்ரெயின், அதாவது தண்ணி வடியிற வழி, உள்ள சீல் பூட்டுங்கோ, மூடி முகத்துக்கு உற்பத்தியாளர் சொல்லுற, இறுகிப்போகாத கிரீஸ் போடுங்கோ.

டுவல் சீல் சென்சரை துருவுக்கு பயந்து பெயின்ட் அடிக்கேக்க அந்த வென்ட் ஓட்டையை வடிவா பாருங்கோ. அது அடைபட்டால் முதல் தடுப்பு உடைஞ்சது ஒருத்தருக்கும் தெரியாமலே போகும், இரண்டாவதும் போகும் வரைக்கும்.